வெறும் வயிறு

ரூபன் சமைக்கப் பழகியதெல்லாம் பிரேமிளா குவைத்துக்குப் போன பிறகுதான். பழகினான் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சீனித் தகரப் பேணியில் போனைச் சாய்த்து நிறுத்திவைப்பான். அங்கே யாருடையதோ பெரிய வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு அவள் சொல்லச் சொல்ல, இங்கே விசுவமடுவில் இவன் உப்புப் போடுவான். "இன்னும் கொஞ்சம்" என்று அவள் சொன்னால் இவனுக்கு அது ஒரு பிடி. முதல் மாதத்தில் இவன் அவித்த புட்டைக் கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வீரகத்தி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவருடைய காணியில்தான் ரூபன் கச்சான் கடலை போடுகிறான். சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை அனோஜா, ஆறு வயது. அவளுடைய கதையைச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றிப் பேச முடியாது.

பிறந்த மஞ்சள் அவளுக்கு இறங்கவேயில்லை. கண்ணும் மஞ்சள், தோலும் மஞ்சள், மலம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஊரில் ஆளுக்கொரு மூலிகை சொன்னார்கள். நல்லகாலம், பிரேமிளா ஒன்றையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஈரலில் இருந்து பித்தம் இறங்குகிற குழாய் பிள்ளைக்குச் சரியாக அமையவில்லை என்று அங்கே கண்டுபிடித்தார்கள். கொழும்பில் வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலோடு சேர்த்துத் தைத்தார்கள். பித்தம் இறங்கியது. மஞ்சளும் குறைந்தது. பிழைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த ஈரல் வருசக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகலாம், அதற்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று இடைக்கிடை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொன்னதை இந்த இரண்டு பேர் மட்டும் மறக்கவில்லை.

மண்ணீரலும் வீங்கியிருந்தது. வயிற்றில் அடி படக்கூடாது. அதனால் பள்ளிக்கூட இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, அனோஜா வேப்பமரத்தடியில் இருப்பாள். கச்சான் கோதுகளை வரிசையாக அடுக்கி அவற்றுக்குப் பெயர் வைப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே கோது, அதே வரிசை. அப்பன் தோட்டத்தில் தனியே, மகள் வரம்பில் தனியே, தாய் கடலுக்கு அப்பால் தனியே. ஒரு குடும்பம் மூன்று துண்டாக நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் செய்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. ஈரலுக்குப் போகிற பெரிய இரத்தக்குழாயில் ஓட்டம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த மெசினில் ஓட்டத்தின் சத்தமும் கேட்கும். காற்று மூங்கிலுக்குள் புகுந்து போவதுபோல் ஒரே சீரான இரைச்சல். ரூபன் கேட்டுக்கேட்டு, அனுமதி வாங்கி, அதைப் போனில் பதிந்து பிரேமிளாவுக்கு அனுப்பினான்.

அன்றைக்கு அவள் அழுதாள். பிரேமிளாவின் பெற்றோர் கலவரத்துக்குப் பயந்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் விசுவமடு. பேச்சும் இந்த ஊர்ப் பேச்சுத்தான். ஆனால் நெஞ்சு கலங்கினால் மட்டும் அவளுடைய வாயில் தாயின் மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"ஏங்க, நெசமாவா? நம்ம புள்ளயோட ரத்தமாங்க இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டுதான் பிறகு தினமும் நித்திரைக்குப் போனாள். மற்றப் பெண்கள் பாட்டுக் கேட்பார்கள், இவள் தன் பிள்ளையின் ஈரலைக் கேட்டாள்.

இப்போது மறுபடியும் ஸ்கான். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. கச்சான் பிடுங்குகிற காலம். சோளகக் காற்று செம்மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வியாழன் பின்னேரம் முழுக்க ரூபன் செடியைப் பிடுங்கி, உதறி, குவியலாகப் போட்டான். ஈர மண்ணும் பச்சைக் கச்சானும் சேர்ந்த வாசம் கையில் இருந்து போகவேயில்லை. பொழுது மங்க வீட்டுக்கு வந்து போனைச் சீனிப் பேணியில் சாய்த்தான்.

"மா குழைச்சாச்சோ?" என்றாள் பிரேமிளா.

"ஓம். தேங்காய்ப்பூவும் போட்டிட்டன்."

"கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசையுங்கோ. இல்லாட்டி நாளைக்கு மத்தியானம் அந்த ரொட்டியால ஆரையும் எறிஞ்சு கொல்லலாம்."

"கொல்லுறதுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? கதைக்கவே ஆளில்லை."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, மேடம் திரும்பவும் கேட்டவா. இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறியோ எண்டு. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்லோணும்."

"நீ என்ன சொன்னனீ?"

"நாளைக்குப் பிள்ளையின்ர ஸ்கான் முடியட்டும் எண்டனான். போன முறை மாதிரி நல்லா இருந்தால் ஓம் எண்டு சொல்லிப்போடுவன். இல்லையெண்டால்..." அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. ஒருநாள் பிள்ளைக்கு ஈரல் மாற்ற வேண்டி வந்தால், பெற்றவர்களில் ஒருவருடைய ஈரலில் இருந்து ஒரு துண்டு எடுத்து வைக்கலாம் என்று டொக்டர்மார் முன்பே சொல்லியிருந்தார்கள். ரூபனுடைய இரத்தம் பிள்ளைக்குச் சேராது. பிரேமிளாவுடையது சேரும்.

"காலமைக்கு என்ன குடுக்கிறது எண்டு ஞாபகம் இருக்குத்தானே?" என்றாள்.

"இருக்கு. விரதம் மாதிரி."

"ஓம். சோறு, ரொட்டி ஒண்டும் வேண்டாம். பாலும் கதலிப்பழமும் குடுங்கோ, போதும். நானும் நாளைக்கு விரதம்தான்."

வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டிருந்தார்கள். வெறும் வயிறென்றால் இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம். விரதமென்றால் அடுப்பில் வெந்தது வயிற்றுக்குள் போகக்கூடாது. பாலுக்கும் பழத்துக்கும் எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதில்லை. போன முறையும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டு போனான். அதில் பிழை இருக்கக்கூடும் என்று இரண்டு பேருக்கும் ஒரு கணமும் தோன்றவில்லை.

விடியற்காலை பஸ்ஸில் அனோஜா யன்னலோரம் இருந்து பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட்டாள். போத்தலில் இருந்த பாலையும் குடித்து முடித்தாள். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தார்கள். ரொட்டியும் சம்பலும் பையில் இருந்தன, ஸ்கான் முடிந்த பிறகு சாப்பிட.

ஸ்கான் அறைக்கு வெளியே ஆட்கள் இருக்க நீண்ட மரவாங்கு. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வீரிட்டுக் கத்தியது. அவள் ரூபனைப் பார்த்துத் தானாகவே கதைக்கத் தொடங்கினாள்.

"பசியண்ணை. என்ன செய்யிறது? நாங்கள் நெளுக்குளம். என்ர பேர் கமலேஸ்வரி. இவனுக்கும் பித்தக்குழாய் ஒப்பரேசன்தான். உங்கட பிள்ளைக்குமோ?"

"ஓம். ரெண்டு மாசத்தில செய்தது."

"பாருங்கோ, எவ்வளவு வளந்திட்டாள்! பாக்கவே ஆசையா இருக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன முறை எங்களைத் திருப்பி அனுப்பிப்போட்டினம் அண்ணை. பிள்ளை கத்துது எண்டு என்ர மாமி ரெண்டு கரண்டி பால்தான் பருக்கினவா. அவ்வளவுதான். இண்டைக்குப் பாக்க ஏலாது, இன்னொரு நாளைக்கு வாங்கோ எண்டிட்டினம்."

"பாலுக்கோ?" என்றான் ரூபன்.

"ஓம். வயித்தில என்ன விழுந்தாலும் குடலுக்கு இரத்தம் கூட ஓடுமாம். குடலுக்கு வாற இரத்தம் எல்லாம் ஈரலுக்குத்தானே போகுது. அப்ப மெசினில ஓட்டம் நல்லா இருக்கிற மாதிரிக் காட்டிப்போடுமாம். உண்மையில எப்பிடி இருக்கெண்டு பிடிக்கேலாதாம். நல்ல வடிவா விளங்கப்படுத்தினவை."

ரூபன் அனோஜாவைப் பார்த்தான். அவளுடைய மேலுதட்டில் பால் காய்ந்து மெல்லிய கோடாக இருந்தது. அவன் தன் பெருவிரலால் அதைத் துடைத்தான்.

அப்படியானால் போன முறை கேட்ட சத்தம்? அது பிள்ளையின் ஈரல் இல்லை. அது ஒரு கோப்பை பாலும் ஒரு கதலிப்பழமும். அதைத்தான் பிரேமிளா ஆறு மாதமாகக் காதில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறாள்.

மனிதன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இப்படியொரு நேரத்தில் மனம் ஒரு குறுக்குப் பாதையைக் காட்டத்தான் செய்யும். பேசாமல் இருக்கலாம். உள்ளே போனால் இன்றைக்கும் அதே இரைச்சல்தான் கேட்கும். அதே நல்ல செய்தி. பிரேமிளா சிரிப்பாள். ரூபனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. மூன்று வருசமாக அந்தப் போன் சிரிப்பைத் தவிர அந்த வீட்டில் வெளிச்சம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

"அனோஜா ரூபன்!" என்று கதவடியில் நின்று தாதி கூப்பிட்டாள்.

ரூபன் எழும்பவில்லை. "அப்பா, எங்களைத்தான்" என்று அனோஜா அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். தாதி மறுபடியும் கூப்பிட்டாள். அவன் எழும்பிப் போய்க் கதவடியில் நின்றான்.

"மிஸ், பிள்ளை காலமை பால் குடிச்சிட்டாள். பழமும் சாப்பிட்டவள்."

"என்னண்ணை, வெறும் வயிறெண்டு சொல்லித்தானே விட்டது?"

"விரதம் மாதிரி எண்டு நினைச்சுப்போட்டம் மிஸ். பால் குடிக்கலாம் எண்டு..." அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். "போன முறையும் அப்பிடித்தான் குடுத்துக்கொண்டு வந்தனான்."

தாதி அவனை ஏசுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய குரல் மாறியிருந்தது.

"டொக்டர் மத்தியானத்துக்குப் பிறகு கடைசியாப் பாக்கிறாவாம். தூர இடத்தில இருந்து வந்தனீங்கள் எண்டுதான். அதுவரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடுக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

கமலேஸ்வரியின் பிள்ளைக்கு ஸ்கான் முடிந்தது. அவள் போகும்போது ரூபனிடம், "யோசியாதேங்கோ அண்ணை" என்றாள். வாங்கு மெல்ல மெல்லக் காலியானது. வெயில் ஏற ஏறத் தகரக் கூரை சூடேறி, நின்ற இடத்திலேயே வேர்த்தது. யாரோ ஒருவர் பேக்கரிப் பணிசைப் பிய்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டு போனார். அனோஜா அந்தப் பணிஸ் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் இலேசில் அழுகிற பிள்ளையில்லை. ஊசி குத்திக் குத்தி அழுகையை எப்போதோ முடித்துவிட்டாள்.

"அப்பா, ரொட்டி மணக்குது."

ரூபன் பையின் வாயை இறுக்கிக் கட்டி வாங்குக்கு அடியில் தள்ளினான். "கொஞ்சநேரம் குஞ்சு. பேந்து முழுக்க உனக்குத்தான்."

"நீங்கள் சாப்பிடுங்கோவன். உங்களுக்கு ஸ்கான் இல்லைத்தானே."

"எனக்குப் பசிக்கேல்லை."

"பொய்" என்றாள். பிறகு சட்டைப்பையில் இருந்து கச்சான் கோதுகளை எடுத்து வாங்கில் அடுக்கினாள். "இது அம்மா. இது நீங்கள். இது நான்." ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டாள். ரூபன் அதைப் பார்க்க முடியாமல் எழும்பிப் போய் வெளியே நின்றான். வெளியே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவ்வளவு சனம் போய்வருகிற இடத்தில், ஐயோ என்று ஒரு சொல் சொல்ல அவனுக்கு ஆளில்லை. வீரகத்தியாவது பக்கத்தில் இருந்து அவன் அவித்த புட்டைப் பற்றிப் பகிடி விட்டால் போதும் என்று இருந்தது.

பின்னேரம்போலக் கூப்பிட்டார்கள். அறை குளிர்ந்து இருண்டிருந்தது. டொக்டர் நடுத்தர வயதுப் பெண். பிள்ளையின் வயிற்றில் பசை மாதிரியான ஒன்றைத் தடவி, "குளிரும், கொஞ்சம் பொறுங்கோ செல்லம்" என்றார். பழைய வெட்டுத் தழும்பு வயிற்றின் குறுக்கே பளபளத்தது. டொக்டர் திரையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சத்தத்தைப் போட்டார்.

ரூபனுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அந்த மூங்கில் காற்று இல்லை. எங்கேயோ தூரத்தில், போகவா நிற்கவா என்று கேட்பதுபோல ஒரு மெல்லிய இழுவை. டொக்டர் கையைக் கொஞ்சம் நகர்த்தினார். உடனே வேறொரு சத்தம், டக் டக்கென்று வேகமாக, பலமாக அடித்தது.

"இது என்ன டொக்டர்?"

"முதல் கேட்டது குடலில இருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டு போற பெரிய குழாய். ஈரல் இறுக இறுக அதுக்குள்ள போறது கஷ்டம். அதில ஓட்டம் குறைஞ்சு போச்சு. இப்ப கேக்கிறது இருதயத்தில இருந்து ஈரலுக்கு வாற நாடிக்குழாய். அது தடிச்சு, தன்னால ஏலுமான அளவுக்கு ஈடுகட்டப் பாக்குது."

"ஈடுகட்டிப்போடுமோ?"

டொக்டர் மெசினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "கொஞ்சக் காலத்துக்கு. எப்பவும் ஏலாது. இதை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறதில்லை, இரத்தமும் எடுத்துப் பாப்பினம். ஆனால் ஈரல் மாத்திறதைப் பற்றி இப்பவே கதைக்கத் தொடங்கோணும். தாய் எங்க?"

"குவைத்தில."

"அவாவைக் கூப்பிடேலுமோ?"

ரூபன் தலையாட்டினான். அப்புறம், "நான் சொல்லாமல் விட்டிருந்தால் டொக்டர்?" என்று கேட்டான்.

"இன்னும் ஆறு மாசம் பிந்தியிருக்கும். இந்தப் பிள்ளைக்கு அது சின்னக் காலம் இல்லை" என்றார் டொக்டர். பிறகு பிள்ளையின் வயிற்றைத் துடைத்துவிட்டு, "போய் முதல்ல சாப்பாடு குடுங்கோ" என்றார்.

போவதற்கு முன் மெசினில் பதிவாகியிருந்த அந்த மெல்லிய சத்தத்தை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டான். ஏன் பதிந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாயால் சொல்லத் தன்னால் முடியாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

பஸ் நிலையத்தில் ஒரு சீமெந்துத் திண்ணையில் குந்தியிருந்து ரொட்டிப் பொதியை அவிழ்த்தான். எண்ணெய் விட்டுப் பிசைந்ததால் மெத்தென்றுதான் இருந்தது. அனோஜா இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டாள். சம்பல் உறைத்துக் கண்ணில் நீர் வந்தது, அப்படியும் விடவில்லை. ரூபன் சத்தத்தை அனுப்பிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

உடனே அழைப்பு வந்தது.

"இது என்ன சத்தம்?" என்றாள் பிரேமிளா.

"பிள்ளையின்ர."

"இல்லை. இது வேற ஆற்றையோ. பிள்ளையின்ர சத்தம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

"இதுதான் பிரேமி பிள்ளையின்ர. போன முறை கேட்டது சரியில்லை. சாப்பாடு உள்ளுக்குப் போனால் ஓட்டம் கூடக் காட்டுமாம். நான்தான் தெரியாமல் பாலும் பழமும் குடுத்துப்போட்டன். என்ர பிழை. இண்டைக்கும் குடுத்திட்டன், பேந்து மத்தியானம் வரைக்கும் பட்டினி போட்டு எடுத்தவை. ஈரல் இறுகிக்கொண்டு வருதாம். மாத்திறதைப் பற்றிக் கதைக்கோணுமாம்."

அந்தப் பக்கம் நீர்க்குழாய் திறந்திருக்கிற சத்தம் கேட்டது. யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது. அவள் போகவில்லை.

"பால் குடுக்கச் சொன்னது நான்தானே" என்றாள்.

"நீ சொன்னதோ, நான் செய்ததோ... எனக்கு ஞாபகம் இல்லை."

"உங்களுக்கா ஞாபகம் இல்லை? ரொட்டிக்கு எத்தினை கரண்டி உப்பெண்டு மூண்டு வருசத்துக்கு முன்னம் சொன்னதையும் திருப்பிச் சொல்லுற ஆள்."

அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள் பிரேமிளா. "நான் வந்துர்றேங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கு? இப்பவே போய் மேடத்துக்கிட்ட சொல்லிர்றேன்."

ரூபன் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். அனோஜா எட்டிப் போனைப் பறித்தாள். கன்னத்தில் ரொட்டித் துகள்.

"அம்மா, இண்டைக்கு நான் நல்ல விரதம் இருந்தனான். தண்ணிகூடக் குடிக்கேல்லை."

"நானுந்தாண்டா கண்ணு."

"நீங்கள் வாறீங்களோ? அப்பா அழுறார்."

"வர்றேன். சீக்கிரமா வர்றேன்."

"வரேக்க எனக்கு என்ன கொண்டு வருவீங்கள்?"

ஸ்பீக்கரில் பிரேமிளாவின் மூச்சு கேட்டது.

"ஒனக்கு வேண்டியது அம்மாகிட்டத்தான் இருக்கு. பத்திரமா கொண்டாறேன்."

"சொக்லேட்டோ?"

"அதுவுந்தான்" என்றாள் பிரேமிளா.